யார் மேல் அடிக்கிறது இந்த டார்ச்?

எங்கள் ஊர்ப் பெண்கள் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படிக்கிற பிரதி கதையோ கவிதையோ அல்ல. அது லேப் ரிப்போர்ட். அதை மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். பனியன் கம்பெனியில் டீ நேரத்தில் பிரித்துப் பக்கத்து மிஷின் அக்காவிடம் காட்டுகிறார்கள். பத்தாவது படித்த தங்கையை விட்டு வாசிக்கச் சொல்கிறார்கள். இவ்வளவு வாசிக்கப்படும் ஒரு பிரதியைப் பற்றி நம்மில் யாரும் விமர்சனம் எழுதியதில்லை. தமிழ் படித்தவள், உரைகளை வாசிக்கப் பழகியவள் என்ற தகுதியில் அந்த ரிப்போர்ட்டுகளில் ஒன்றை இங்கே வாசிக்க முயல்கிறேன்.

நான் எடுத்துக்கொள்வது ‘டார்ச்’ டெஸ்ட். ஒருமுறை கரு கலைந்தாலோ, குறையோடு ஒரு குழந்தை பிறந்தாலோ, சில இடங்களில் ஒன்றும் ஆகாமலேயே கூட இதை எழுதிக் கொடுக்கிறார்கள். டாக்ஸோபிளாஸ்மா, ரூபெல்லா, சைட்டோமெகலோவைரஸ், ஹெர்பிஸ் ஆகியவற்றின் முதலெழுத்துகளைக் கோத்து 1971ல் ஆந்த்ரே நாமியாஸ் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் உருவாக்கிய சொல் அது. தாயிடமிருந்து கருவுக்குப் போய் ஒரே மாதிரியான பாதிப்பை உண்டாக்கும் தொற்றுகளைக் குழந்தை மருத்துவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளக் கண்டுபிடித்த சுருக்கம். நம் காதில் அது டார்ச் லைட்டாகத்தான் விழுகிறது. விழுந்தால் தவறுமில்லை. வெளிச்சம் அடிக்கும் கருவிதான் அது. வெளிச்சம் யார் முகத்தில் விழுகிறது, யார் இருட்டில் நின்றுகொள்கிறார்கள் என்பதே என் கேள்வி.

பதினைந்து வேலம்பாளையத்தில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தியின் ரிப்போர்ட் அது. தனி நகராட்சியாக இருந்து 2011ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்த அந்தப் பகுதியில், பவர் டேபிள்களுக்கும் லைன் வீடுகளுக்கும் நடுவில் வாழ்கிறாள். பி.ஏ. தமிழ் முடித்துவிட்டு ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். இரண்டு முறை கரு கலைந்திருந்தது. ரிப்போர்ட்டில் சைட்டோமெகலோவைரஸ் வரியில் ஐ.ஜி.ஜி. என்பதற்கு நேரே தடித்த எழுத்தில் ‘பாசிட்டிவ்’ என்று இருந்தது. ஐ.ஜி.எம். என்பதற்கு நேரே ‘நெகட்டிவ்’. அவள் என்னிடம் சொன்னது இது: “எனக்குள்ள ஏதோ கிருமி இருக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க மேடம். எங்க அத்தை எனக்குத் தனி டம்ளர் எடுத்து வெச்சுட்டாங்க.”

அந்த வரி சொல்வது என்ன? ஐ.ஜி.ஜி. என்பது பழைய நினைவு. எப்போதோ இந்த வைரஸ் உடம்புக்குள் வந்தது, உடம்பு அதை எதிர்கொண்டது, அந்த அடையாளம் ரத்தத்தில் இருக்கிறது என்பதுதான் பொருள். ஐ.ஜி.எம். என்பது அண்மைக்காலத் தொற்றின் சாடை. அதையும் அப்படியே நம்ப முடியாது. தொற்று வந்து பல மாதங்களுக்குப் பிறகும் அது ரத்தத்தில் தங்கும். சில சமயம் வேறு தொற்றுக்கும் தவறாகக் காட்டும். ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ், ஐ.ஜி.எம். நெகட்டிவ் என்றால், என்றோ வந்துபோன தொற்று என்று வாசிக்க வேண்டும். என் மாணவியின் ரிப்போர்ட் சொன்னது அவ்வளவுதான்.

எத்தனை பேருக்கு இந்த அடையாளம் இருக்கும் என்பதை ரிப்போர்ட் சொல்லாது. 2019ல் வெளியான உலகளாவிய தொகுப்பாய்வு ஒன்று, கருவுறும் வயதுப் பெண்களில் சுமார் 86 சதவீதத்தினரிடம் இது இருப்பதாகக் கணக்கிட்டது. அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவின் சில நாடுகளிலும் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இருக்கிறது. இந்தியாவில் கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு என்றும் அதற்கு மேலும் காட்டுகின்றன. தில்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் பங்கேற்று 2008ல் வெளியான ஆய்வு ஒன்று வட இந்தியாவின் சிறுநகரப் பகுதி ஒன்றைப் பற்றியது. அங்கே ஏறத்தாழ எல்லாத் தாய்மார்களின் ரத்தத்திலும் இந்த அடையாளம் இருந்தது.

அப்படியென்றால் தனி டம்ளர் எடுத்து வைத்த அத்தையின் ரத்தத்தைச் சோதித்தாலும் பெரும்பாலும் பாசிட்டிவ்தான் வரும். மகனின் ரத்தமும், சோதனை எழுதிக் கொடுத்தவரின் ரத்தமும், இதை எழுதும் என் ரத்தமும் அப்படித்தான் இருக்கக்கூடும். பத்தில் ஒன்பது பேரிடம் இருக்கும் ஓர் அடையாளத்தை ஒருத்தியின் பெயருக்கு நேரே மட்டும் அச்சடித்தால் அது அவளுடைய குற்றமாகிவிடுகிறது. எல்லோருடைய பெயருக்கும் நேரே அச்சடித்திருந்தால் அது வெறும் ஊர்ச் செய்தி.

அவளுடைய கேஸ் ஷீட்டில் இன்னொரு பிரயோகமும் இருந்தது: ‘பேட் அப்ஸ்டெட்ரிக் ஹிஸ்டரி’. ‘பி.ஓ.எச்.’ என்று மூன்றெழுத்தில் எழுதுவார்கள். மோசமான பேற்று வரலாறு. ஒருவருக்கு இரண்டு முறை மாரடைப்பு வந்தால் ‘மோசமான இதய வரலாறு’ என்று எழுதுவதை நான் பார்த்ததில்லை. இழப்பைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒழுக்கத்தைச் சொல்லும் ஒரு பெயரடை வந்து உட்கார்ந்துகொள்கிறது. மருத்துவர்கள் இதைக் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை, பழக்கத்தில் எழுதுகிறார்கள். மொழியின் ஆணாதிக்கம் எப்போதும் பழக்கமாகத்தான் இருந்திருக்கிறது. தமிழில் ‘மலடி’ என்ற சொல் தெருச்சண்டை வரை புழங்குகிறது. ‘மலடன்’ அகராதிக்குள் பத்திரமாக இருக்கிறான். செக்கிங் டேபிளில் டேமேஜ் பீஸைத் தனியே எடுத்துப் போடுவதைத் தொழிலாகக் கொண்ட ஒரு பெண், தன்னையும் யாரோ அப்படி எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை. பனியனில் ஓட்டை இருந்தால் அது நிட்டிங்கில் வந்ததா, சாயத்தில் வந்ததா, தைக்கும்போது வந்ததா என்று பார்ப்பார்கள். அவளுக்கு அந்த விசாரணை கூட நடக்கவில்லை.

மருத்துவமே இந்தச் சோதனையைப் பற்றி என்ன சொல்கிறது? திரும்பத் திரும்பக் கரு கலைவதற்கான காரணத்தைத் தேட டார்ச் சோதனை உதவாது என்று இங்கிலாந்தின் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2003 வழிகாட்டியிலேயே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் நம் ஊர்களில் அது எழுதப்படுகிறது, லேப்புகளில் ‘பேக்கேஜ்’ ஆக விற்கப்படுகிறது. கைமடிப்பில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அது பல நாள் கூலி. பணம் போவதை விடப் பெரிய ஆபத்து வேறு. ஐ.ஜி.எம். வரியில் ‘பாசிட்டிவ்’ வந்துவிட்டால், அதை உறுதிசெய்ய அவிடிட்டி சோதனையோ வேறு பரிசோதனையோ செய்வதற்கு முன்பே, வேண்டிப் பெற்ற கருவைக் கலைத்துவிடலாமா என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடுகிறது.

இந்தச் சோதனை பெரும்பாலும் மனைவிக்கு மட்டும்தான் எழுதப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். சைட்டோமெகலோவைரஸ் எச்சிலில், சிறுநீரில், கண்ணீரில், தாய்ப்பாலில், விந்தில் இருக்கும். உடலுறவின் வழியாகவும் பரவும். கணவனிடமிருந்து கர்ப்பிணிக்கு வர முடியும் என்றால் கணவனிடம் பேச வேண்டாமா? அவன் வெளியே பைக்கில் சாய்ந்தபடி நிற்கிறான். டார்ச் வெளிச்சம் அவன்மீது படுவதில்லை. அவனையும் சோதித்துக் களங்கப்படுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவனும் பாசிட்டிவாகத்தான் இருப்பான், அதனால் ஒரு பயனும் இல்லை. இருவருக்கும் பொதுவான ஒரு கிருமியை ஒருத்தியின் கருப்பைக்குள் மட்டும் குடிவைக்கிற வாசிப்பைத்தான் மறுக்கிறேன்.

இந்த வைரஸுக்குப் பழைய பெயர் ‘உமிழ்நீர்ச் சுரப்பி வைரஸ்’. நம் மொழியில் சொன்னால் எச்சில் வைரஸ். எச்சில் என்ற சொல்லைச் சுற்றி நம் சமூகம் கட்டிவைத்திருக்கும் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். கணவன் சாப்பிட்ட இலையில் மனைவி சாப்பிடுவது பாக்கியம். குழந்தை கடித்து வைத்ததைத் தாய் தின்பது பாசம். சாதியில் கீழே வைக்கப்பட்டவர் தொட்ட குவளை தீட்டு. மூன்றும் ஒரே உமிழ்நீர். வைரஸுக்கு இந்த வேறுபாடெல்லாம் தெரியாது. அது குறிப்பாகச் சின்னக் குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும். நம்மில் பெரும்பாலோருக்கு அது தாய்ப்பாலிலோ, அக்கா அண்ணன்களோடு புரண்டு வளர்ந்த குழந்தைப் பருவத்திலோ வந்திருக்கும். வந்ததே தெரிந்திருக்காது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலில் வருவது பொதுவாக ஒரு தீங்கும் செய்வதில்லை. ஆகவே ‘பாசிட்டிவ்’ என்ற ஒரு சொல்லைப் பார்த்துப் பால் கொடுப்பதை நிறுத்துவதற்குக் காரணமே இல்லை.

கர்ப்ப காலத்தில் கவனமாக இருக்க மேற்கத்திய மருத்துவக் கையேடுகள் சில வழிகளைச் சொல்கின்றன. இரண்டு மூன்று வயதுக் குழந்தையின் மிச்சத்தைச் சாப்பிடாதீர்கள், ஒரே ஸ்பூனைப் பயன்படுத்தாதீர்கள், உதட்டில் முத்தம் கொடுக்காதீர்கள், மூத்திரத்துணி மாற்றிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நல்ல அறிவுரைதான், செலவில்லாதது, பயன் உள்ளது. ஆனால் அது யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது? குழந்தையைப் பார்த்துக்கொள்வது தாயின் வேலை மட்டுமே என்று எடுத்துக்கொண்டுதான் அந்த வாக்கியங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. மூத்த குழந்தையின் மூத்திரத்துணியை ஒன்பது மாதம் அப்பா மாற்றட்டும், மிச்சச் சோற்றை அவர் சாப்பிடட்டும் என்று எந்தக் கையேடும் எழுதி நான் பார்க்கவில்லை.

லைன் வீட்டில் அந்த அறிவுரை எப்படி நிறைவேறும்? பத்துக் குடித்தனத்துக்கு ஒரு குழாய், இரண்டு கழிவறை. குழாயில் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறை வருகிறது. குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விட்டுவிட்டு ஒன்றரை ஷிப்ட் போகிறவள், ராத்திரி வந்து கிடைத்த கால் மணி நேரத்தில் மிச்சம் மீதியை ஒரே தட்டில் போட்டுத்தான் சாப்பிடுகிறாள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று மகப்பேறு பயன் சட்டத்தின் 2017 திருத்தம் சொன்னது. காப்பகம் இருந்தால் போதாது. அங்கே சோப்பும் தண்ணீரும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கு இந்தத் தொற்று பற்றிய தகவலும் இருக்க வேண்டும். அந்த ஆயாவும் அங்கன்வாடிப் பணியாளர்களும் கருவுறும் வயதில் இருக்கும் பெண்கள்தான். நாள் முழுவதும் குழந்தைகளின் மூக்கையும் வாயையும் துடைப்பவர்கள். தொழில் சார்ந்த பாதுகாப்பாக இதை யாரும் பேசுவதில்லை. சுத்தம் என்பது பெண்ணின் குணம் என்று பேசுகிறவர்கள், அது தண்ணீர், நேரம், கூலி சம்பந்தப்பட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இந்தக் கிருமியின் வரலாற்றிலும் பெண்கள் இருக்கிறார்கள். 1881ல் ஜெர்மனியில் இறந்து பிறந்த ஒரு குழந்தையின் சிறுநீரகத்தில் ரிப்பர்ட் என்பவர் வீங்கிப் பெருத்த செல்களைக் கண்டார். நடுவில் கரிய வட்டமும் அதைச் சுற்றி வெளுத்த வளையமுமாக அவை இருந்ததால் பின்னால் ‘ஆந்தைக்கண்’ என்று பெயர் வந்தது. அந்தச் செல்களுக்குள் இருந்த வைரஸை 1956, 57ல் மூன்று குழுக்கள் தனித்தனியே பிரித்தெடுத்தன. அவற்றில் ஒன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த நோய்க்குறியியலாளர் மார்கரெட் கிளாடிஸ் ஸ்மித்துடையது. டார்ச்சில் உள்ள ரூபெல்லாவின் கதை இன்னும் பொருள் நிறைந்தது. 1941ல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகளுக்கும் தாய்க்குக் கர்ப்பத்தில் வந்த ஜெர்மன் தட்டம்மைக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார். அவருடைய காத்திருப்பு அறையில் தாய்மார்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது காதில் விழுந்ததுதான் தொடக்கம் என்று சொல்லப்படுகிறது. பெண்கள் பேசிக்கொள்வதை ஊர்வம்பு என்று ஒதுக்காமல் காது கொடுத்த ஒரு மருத்துவரால் பிறந்த அறிவு அது. டீ நேரத்தில் ரிப்போர்ட்டைப் பிரித்துப் பேசும் எங்கள் ஊர்ப் பெண்களையும் அந்த அறையில் இருந்தவர்களாகவே நான் பார்க்கிறேன்.

இவ்வளவு சொன்னதால் இந்த வைரஸ் ஒன்றுமில்லாதது என்று ஆகிவிடாது. உலக அளவில் பிறவியிலேயே வரும் தொற்றுகளில் இதுதான் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. தாய்க்குக் கர்ப்பத்தில் முதன்முறையாக வந்தால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கருவுக்குப் போகக்கூடும். ஏற்கெனவே வந்தவளுக்கு ஆபத்து மிகக் குறைவு, நூற்றுக்கு ஒன்று என்ற அளவில். ஆனால் உள்ளே உறங்கும் வைரஸ் மறுபடி விழிக்கலாம், வேறு வகை புதிதாகத் தொற்றலாம். நம் நாட்டில் ஏறத்தாழ எல்லோரும் ஏற்கெனவே வந்தவர்கள் என்பதால், அந்தக் குறைந்த ஆபத்தும் மொத்தத்தில் பெரிய எண்ணிக்கையாகிறது. மேலே சொன்ன 2008 ஆய்வில் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு பேரிடம் வைரஸ் இருந்தது. நூற்றுக்கு ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 8 லட்சத்துக்கும் மேல் குழந்தைகள் பிறக்கின்றன. 8,000 குழந்தைகள். அவர்களில் பெரும்பாலோர் எந்தக் குறையும் இல்லாமல் வளர்வார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நிலையான பாதிப்பு வரும். அதில் முதன்மையானது செவித்திறன் இழப்பு. மரபணுக் காரணம் அல்லாத பிறவிச் செவிக்குறைவுக்கு உலகில் முதல் காரணம் இந்த வைரஸ்தான்.

நம் ஊரில் காது கேளாத குழந்தை பிறந்தால் என்ன சொல்கிறார்கள்? கிரகணத்தன்று வெளியே போனாள், வயிற்றில் பிள்ளையோடு சாவு வீட்டுக்குப் போனாள், சொந்தத்தில் கட்டினாள். கடைசிக் காரணத்தில் மரபியல் உண்மை உண்டு. ஆனால் சொந்தத்தில் கட்டி வைத்தது பெரியவர்கள் என்பது அங்கேயும் மறைந்துபோகிறது. இந்த வைரஸால் வரும் செவிக்குறைவு சில குழந்தைகளுக்குப் பிறந்த உடனே தெரியாது. முதல் சோதனையில் தேறிவிட்டு ஒரு வயதில், இரண்டு வயதில் மெல்லக் குறையும். “ஆம்பளப் பையன் லேட்டாத்தான் பேசுவான்” என்று ஊர் சமாதானம் சொல்லும். பேச்சு வளரும் காலம் அப்படியே போய்விடும்.

வெளிச்சம் தேவைப்படுவது இங்கேதான். பிறந்த குழந்தை இந்த வைரஸோடு பிறந்ததா என்று உறுதியாகச் சொல்ல, அதன் எச்சிலையோ சிறுநீரையோ பிறந்த 21 நாட்களுக்குள் சோதிக்க வேண்டும். அதற்குப் பிறகு வைரஸ் இருந்தாலும் அது கருவில் வந்ததா பாலில் வந்ததா என்று பிரிக்க முடியாது. அறிகுறிகளோடு பிறக்கும் குழந்தைக்கு முதல் மாதத்துக்குள் மருந்து தொடங்கி ஆறு மாதம் கொடுத்தால் செவித்திறனில் ஓரளவு பயன் உண்டு என்று 2015ல் வந்த ஆய்வு காட்டியது. நம்மிடம் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2013ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறவிச் செவிக்குறைவு சேர்க்கப்பட்டிருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். இலட்சக்கணக்கில் செலவாகும் கருவியைக் கொடுக்கிற அரசால், செவிச் சோதனையில் தேறாத பச்சைக் குழந்தையின் எச்சிலை 21 நாளுக்குள் எடுத்துச் சோதிக்கவும் முடியும். அதே சோதனையில் தேறிய, ஆனால் சந்தேகம் உள்ள குழந்தையை மூன்று வயது வரை திரும்ப அழைக்கவும் முடியும். தேனியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்து, பிரசவத்துக்குத் தாய்வீடு போய், ஐந்தாம் மாதம் திரும்பி வரும் பெண்களின் குழந்தைகளைக் கணக்கில் கொண்டு அந்த ஏற்பாடு இருக்க வேண்டும்.

இதைச் சாத்தியமாக்கியவர்கள் வேறு இடங்களில் பெண்கள்தான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் செவிச் சோதனையில் தேறாத குழந்தைகளுக்கு இந்த வைரஸ் சோதனையைக் கட்டாயமாக்கி, கர்ப்பிணிகளுக்குத் தகவல் தரவும் வழிசெய்த சட்டம் 2013ல் வந்தது. அதைக் கொண்டுவந்த சட்டமன்ற உறுப்பினர் ரோண்டா மென்லவ், இந்த வைரஸால் பாதிக்கப்பட்ட ஒரு குழந்தையின் பாட்டி. கனடாவின் ஒன்டாரியோ 2019லும் மினசோட்டா 2023லும் எல்லாப் பச்சைக் குழந்தைகளையும் சோதிக்கத் தொடங்கின. அந்த ஊர்களில் டார்ச் குழந்தையின் பக்கம் திரும்பியிருக்கிறது. நம் ஊரில் இன்னும் தாயின் முகத்தில் அடிக்கிறது.

சில தோழிகள் என்னிடம் கேட்கிறார்கள்: கர்ப்பிணிகளுக்கு இருக்கும் பயம் போதாதா, இன்னொரு கிருமியின் பெயரையும் சொல்ல வேண்டுமா என்று. நியாயமான கேள்வி. பப்பாளியும் அன்னாசியும் சாப்பிடாதே என்று தொடங்கி, ஒன்பது மாதமும் பெண்ணை மிரட்டியே வைத்திருக்கும் சமூகம் இது. ஆனால் பெயரே தெரியாதவளிடம்தான் ‘பாசிட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல் தீர்ப்பாக மாறுகிறது. நூற்றுக்கு எத்தனை பேர், அதில் எத்தனை குழந்தைகள், அதில் எத்தனை பேருக்குப் பாதிப்பு என்ற கணக்கு தெரிந்தவள் அந்தச் சொல்லைத் தன் அளவில் வைத்துப் பார்ப்பாள். பயமுறுத்துவது கிருமியின் பெயர் அல்ல, கணக்கைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொல்வது.

ஆகவே இதைப் படிக்கும் மாணவிகள் இரண்டு மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டார்ச் சோதனை எழுதினால், இது எதற்கு, விடை எதுவானால் சிகிச்சையில் என்ன மாறும் என்று கேளுங்கள். ஐ.ஜி.ஜி.யா ஐ.ஜி.எம்.மா என்று பாருங்கள், ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்றால் உறுதிசெய்யும் சோதனைக்கு முன் எந்த முடிவும் எடுக்காதீர்கள். குழந்தை பிறந்ததும் செவிச் சோதனை நடந்ததா, தேறாவிட்டால் 21 நாளுக்குள் எச்சில் சோதனை உண்டா என்று கேளுங்கள். இவை கேட்கக் கூச்சப்பட வேண்டிய கேள்விகள் அல்ல.

என் மாணவியிடம் அவளுடைய ரிப்போர்ட்டை வரிவரியாக வாசித்துக் காட்டினேன். அடுத்த வாரம் அவள் தன் டேபிளில் இருக்கும் ஆறு பெண்களுக்கு அதை வாசித்துக் காட்டியதாகப் போனில் சொன்னாள். அதில் இருவர் தங்கள் பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்து வந்திருந்தார்களாம்.